அடியில்லாத அகப்பை

பத்தொன்பது வருஷமாக அகப்பைகளின் அடியை உடைப்பதுதான் என் வேலை. எங்கள் கோயில் சாமி பிரசவத்துக்குப் பேர்போன சாமி. மாசமாக இருக்கிற பெண்ணின் வீட்டார் வந்து கேட்டால், புது மர அகப்பை ஒன்றைக் கல்லின் மேல் வைத்து, மரச் சுத்தியலால் ஒரே அடி. அடிப்பலகை தெறித்து விழும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தினமும் காலையில் அதன் வழியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் தங்காமல் இறங்குகிற மாதிரி பிள்ளையும் சுகமாக இறங்கிவிடும். பெற்ற பிறகு அகப்பையைக் கொண்டுவந்து கோயிலில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஒரே அடியில் உடைய வேண்டும், அதுதான் முக்கியம். இரண்டாவது அடி விழுந்தால் எதிரே நிற்கிற பெண்ணின் முகம் வாடிவிடும். இத்தனை வருஷத்தில் எனக்கு இரண்டாவது அடி தேவைப்பட்டதே இல்லை.

அந்தப் பெருமை எனக்கு உண்டு. எதற்கு மறைக்க வேண்டும்? மறைத்தது வேறொன்று. அதற்கு வருகிறேன்.

முன்பெல்லாம் மாதத்துக்கு இருபது அகப்பை போனால் அதிகம். எவளோ ஒருத்தி, வரிசையாகத் தொங்கும் அடியில்லாத அகப்பைகளுக்கு நடுவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று போனில் படம் எடுத்துப் போட்டாள். அன்றிலிருந்து ஒசாகாவிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். என்ன ஜனங்கள் அப்பா. நடுப்பாதை சாமி நடக்கிற பாதை, ஓரமாகப் போக வேண்டும் என்று தெரியாது. கை கழுவுகிற தொட்டித் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கிறார்கள். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, ஒரு முறை குனிய வேண்டும்; ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். இவர்கள் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் தட்டுகிறார்கள், அவன் இவர்களைப் பார்த்துத் தட்டுகிறான். ஒரு ஆள் கொடியில் தொங்கிய அகப்பையை எடுத்துக் கை கழுவப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். “அம்மா, இங்க இருக்கிற அகப்பை ஒண்ணுலயும் அடியே இல்ல. கவனிக்க மாட்டீங்களா?” என்றான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அவனைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

பூசாரி குரோய்வா அதற்கு மேல். நாற்பத்தாறு வயசு, மந்திரம் சொல்லும்போது கொட்டாவி விடுவார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. சின்னச் சின்ன பிளாஸ்டிக் அகப்பை செய்து சாவிக்கொத்தில் மாட்டி விற்கலாம் என்று கிளம்பிவிட்டார். இளஞ்சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. “பாக்க அழகா இருக்குல்ல கிகுவே அக்கா?” என்று என் மூக்குக்குக் கீழே ஆட்டிக் காட்டினார்.

“சாமிக்குப் பிடிக்குமான்னு கேட்டீங்களா?” என்றேன்.

“எல்லாருக்கும் பிடிக்குதுக்கா,” என்றார்.

இப்படி எல்லாரையும் எடைபோட்டுக்கொண்டு, அகப்பை கொடுக்கிற ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த நான் யோக்கியமா என்று கேட்டால், அதைத்தான் சொல்ல வருகிறேன். அந்த அக்டோபர் ஆறாம் தேதி என் தம்பி யாசு ஹிரோஷிமாவில் செத்துப்போனான். அவனும் நானும் பேசிப் பதினொரு வருஷம். அம்மா போன பிறகு, ஒரு நாள் நான் கோயிலில் இருக்கும்போது, வீட்டிலிருந்த பூஜை மாடத்தை, செத்துப்போன அப்பா அம்மா பெயரை எழுதிக் கும்பிடுகிற பலகைகளோடு சேர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஆண்பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றானாம். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. வேலையிலிருந்து வந்து பார்க்கிறேன், மாடம் இருந்த இடத்தில் பாய் மட்டும் வெளுப்பேறாமல் பச்சையாக இருக்கிறது. அன்றோடு அவனைத் தலைமுழுகிவிட்டேன்.

அவன் மனைவிதான் போன் செய்தாள். “அண்ணி, இன்னிக்குக் காலைல போயிட்டாரு,” என்றாள்.

“அப்படியா,” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கூடப் பிறந்தவன் செத்தால் இருபது நாள் தீட்டு. பெற்றவர்கள் என்றால் ஐம்பது. அதுவரை கோயில் வாசலைத் தாண்டக்கூடாது. எங்கள் சாமிக்கு ஆகாதது அது ஒன்றுதான். பிறப்புக்கு உள்ள இடத்தில் சாவின் நிழல் படக்கூடாது. கோயில் வேலை பார்க்கிறவள் என்றால் கேட்கவே வேண்டாம், சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் ஏழாம் தேதி நாய் நாள். நாய்க்கு லேசான பிரசவம் என்பதால் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வரும் அந்த நாளில்தான் எங்களுக்குக் கூட்டம். நான் போகாவிட்டால் அடியை யார் உடைப்பது? அவன் எனக்கு யார்? பதினொரு வருஷமாக இல்லாத தம்பி, செத்ததும் திடீரென்று முளைத்துவிடுவானா? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காலையில் குளித்து, வெள்ளை மேல்சட்டை போட்டு, வாசலில் குனிந்துவிட்டு உள்ளே போனேன். அந்த விஷயத்தை அதோடு மனசிலிருந்து தள்ளி மூடிவிட்டேன். தீட்டு என்ற வார்த்தையே எனக்குத் தெரியாது என்பதுபோல இருந்தேன்.

அன்றைக்குத்தான் அந்த ஆள் வந்தான்.

எங்கள் வாசலுக்குக் கதவு கிடையாது. இரண்டு சிவப்புத் தூண், மேலே இரண்டு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான் தோரீ. அவன் அதன் முன்னால் வந்து நின்றான். குனிந்தான். சரி, தெரிந்தவன்தான் போல என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், வாசல் வழியாக வராமல் தூணுக்கு வெளியே சுற்றி, கல்வேலியை ஒட்டி நடந்து, கற்பூர மரத்தடியில் இருக்கிற என் பக்கவாட்டு ஜன்னலுக்கு வந்தான். சாமான் பெட்டிகளை இறக்குவதற்கு இருக்கிற ஜன்னல் அது. முப்பத்தைந்து வயசு இருக்கும். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. வேலிக்கு அந்தப்பக்கம் நின்றபடி குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“அக்கா, வீட்டுல மாசம் முடியப்போகுது. ஒரு அகப்பை வேணும். இப்படியே குடுத்துடறீங்களா?”

“எப்படியே?”

“இந்த ஜன்னல் வழியா.”

“இது மீன் கடை இல்ல, வேலிக்கு மேல கைய நீட்டி வாங்கிட்டுப் போறதுக்கு. வாசல் எங்க இருக்குன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சா அது வழியா வாங்க. கையக் கழுவுங்க, சாமியக் கும்பிடுங்க. அப்புறம் வரிசைல நில்லுங்க. இத்தன புள்ளத்தாச்சிங்க கால்கடுக்க நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?”

அவன் முன்ஜன்னல் வரிசையைப் பார்த்தான். பன்னிரண்டு பெண்களாவது நின்றிருப்பார்கள், எல்லாருக்கும் வயிறு. அவன் வாயைத் திறந்தான். மூடினான். “பூசாரிகிட்ட போன்ல பேசியிருந்தேன்...” என்று இழுத்தான்.

“பேசினா? அவரு உங்களுக்குத் தனியா குறுக்கு வழி போட்டுக் குடுத்தாரா?”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை. அவன் குனிந்து, “மன்னிச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போதும் வாசலைச் சுற்றிக்கொண்டுதான் போனான். பிறவி முட்டாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த அகப்பையைக் கல்லில் வைத்தேன். ஒரே அடி.

பத்தாம் தேதி மறுபடி வந்தான். அன்றைக்கு இரண்டே பேர்தான். அதில் ஒருத்தி நிறைமாசம். மூச்சு வாங்குகிறது என்று என் ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“அக்கா, நாள் நெருங்கிருச்சு.”

“அப்ப சீக்கிரமா வாசல் வழியா வாங்க. பத்தடி நடக்க முடியாதா? கால்ல என்ன முள்ளா?”

“முடியாதுக்கா.”

“ஏன் முடியாது? வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுங்களேன்.”

பெஞ்சில் இருந்தவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். “பாத்தியாம்மா? பொண்டாட்டிக்கு வலி, இவருக்குத் திமிரு,” என்று அவளிடம் சொன்னேன். அவள் சங்கடமாகச் சிரித்தாள். பதிமூன்றாம் தேதி அவன் தூணைச் சுற்றி வருவதைப் பார்த்ததுமே ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கொஞ்ச நேரம் நிழல் தெரிந்தது. பிறகு போய்விட்டது.

பதினைந்தாம் தேதி காலை நான் வந்து பார்த்தபோது, வேலியின் வெளிப்பக்கத்தில் ஒரு அலுமினியக் குழம்புக் கரண்டி கட்டியிருந்தது. அதன் அடியில் ஆணியால் குத்திக் குத்தி ஓட்டை போட்டிருந்தார்கள். விளிம்பெல்லாம் பிசிறு. குறைந்தது முப்பது அடியாவது அடித்திருக்க வேண்டும். சமையல்கட்டிலிருந்து நேராக எடுத்து வந்திருக்கிறான், கைப்பிடியில் குழம்புக்குக் கரைக்கிற மிசோப் பசை கூடப் போகவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாமியோடு வீம்பு பிடிக்கிறானாம். இரண்டு விரலால் பிடித்து அவிழ்த்து, பின்பக்கம் இருந்த தகர டப்பாக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கையை இரண்டு தரம் கழுவினேன்.

மறுநாள் மத்தியானம் பூசாரி என் அறையில் உட்கார்ந்து டப்பாச் சோறு தின்றுகொண்டிருந்தார். வாயில் சோற்றோடு, “அந்த ஹிராகா வந்து வாங்கிட்டுப் போயிட்டாராக்கா?” என்றார்.

“எந்த ஹிராகா?”

“துறைமுகத்துல படகு எஞ்சின் ரிப்பேர் பண்றவரு. போன மாசம் இருபத்தெட்டாம் தேதி அவங்கம்மா தவறிட்டாங்க. அம்பது நாள் முடியறதுக்குள்ள வீட்டுல பிரசவம் ஆயிடும், வாசலத் தாண்டி வரமுடியாது, என்ன பண்றதுன்னு போன்ல கேட்டாரு. வேலியோரமா சுத்தி வாங்க, ஜன்னல்ல அக்கா எடுத்துக் குடுப்பாங்கன்னு சொன்னேன். உங்ககிட்ட சொன்னேன்ல?”

“சொல்லல.”

“சொல்லலையா? அந்தச் சாவிக்கொத்துப் பெட்டி வந்த அன்னிக்கு. அதுல விட்டுப்போச்சு போல.” ஊறுகாய்ப் பழத்தைக் குச்சியால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “பாவம், இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ தங்காமப் போச்சாம் அவங்களுக்கு. அம்மாவும் இப்ப இல்ல, போய் வாங்கிட்டு வர வேற ஆளும் இல்லன்னாரு.”

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். அவன் வாயைத் திறந்து மூடியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பூசாரி சொல்லியிருப்பார், இவளுக்குத் தெரியும் என்று நம்பி வந்திருக்கிறான். தெரிந்தேதான் விரட்டுகிறேன் என்று நினைத்துப் போயிருக்கிறான். “எங்கம்மா செத்துட்டாங்க, எனக்குத் தீட்டு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அத்தனை வயிறுகளுக்கு முன்னால், பெஞ்சில் மூச்சு வாங்குகிறவளின் காதில் விழும்படி, சாவு என்ற சொல்லை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு அது தெரிந்திருந்தது. எண்ணெய்க் கறுப்பு நகத்தோடு நின்ற அவனுக்குத் தெரிந்தது, வெள்ளைச் சட்டை போட்டு உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை. தூணைச் சுற்றி வருகிறவன் எதற்காகச் சுற்றி வருவான்? பத்தொன்பது வருஷம் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறவள், அதைக் கேட்டிருக்க வேண்டாமா? எனக்கு அந்த ஒன்று மட்டும் தோன்றாது, ஏனென்றால் அந்த ஒன்றைத்தான் நான் மூடி வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்த கதை என்று கேட்டிருக்கிறீர்களா? அந்தப் பல்லி நான்தான்.

“பூசாரி, ஒரு அகப்பை உடைங்க. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்.”

“நானா? உங்க கைதான ராசியான கை.”

“எனக்குத் தீட்டு.”

குச்சி பாதியில் நின்றது. “யாரு?”

“தம்பி. ஆறாம் தேதி.”

அவர் விரல் விட்டு எண்ணினார். “இன்னிக்குப் பதினாறு. நீங்க தினமும் வந்துட்டுதான இருந்தீங்க?”

“வந்தேன்.”

“அகப்பை?”

“உடைச்சேன். நூத்துப் பதினேழு.”

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். தம்பிக்கு என்ன ஆச்சு, என்ன வயசு, எப்படி இருக்கீங்க என்று ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் சொன்னது வேறு.

“பத்தொன்பதாம் தேதி நாய் நாள்க்கா. மூணு பஸ் வருது. யாருக்கும் தெரியாதுல்ல? உப்பத் தெளிச்சு ஒரு மந்திரம் சொல்லிடறேன். நீங்க பாட்டுக்கு உடைங்க.”

அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனால் யாருக்கும் தெரியாதுல்ல என்று பத்து நாளாக நான் சொல்லிக்கொண்டதும் அதே வார்த்தைதான். அதனால் அருவருப்பு குறையவில்லை. நம் அழுக்கை அடுத்தவன் முகத்தில் பார்த்தால் கூடுதலாகத்தான் தெரிகிறது.

“உடைக்க மாட்டேன். நீங்க உடைங்க, நான் பாக்கறேன்,” என்றேன்.

உடைத்தார். முதல் அடி கைப்பிடிக்கு விழுந்தது. இரண்டாவது கல்லுக்கு. மூன்றாவதில் அடியோடு சேர்ந்து விளிம்பும் பிளந்து அகப்பை இரண்டாகப் போனது. இரண்டு பிள்ளை இழந்த வீட்டுக்கு, நடுவில் பிளந்த அகப்பையைக் கொண்டுபோய்க் கொடுப்பேனா? இன்னொன்றை எடுத்தாலும் அவர் கையில் இப்படித்தான் போகும். எழுந்து பின்பக்கம் போனேன். குப்பை வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும். தகர டப்பாவைக் கவிழ்த்து, ஈரத் துணியையும் மீன் முள்ளையும் விலக்கி, அந்த அலுமினியக் கரண்டியை எடுத்தேன். தேய்த்துக் கழுவினேன். மிசோப் பசை போகவே மாட்டேன் என்றது. நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

பிறகு வெளியே நடந்தேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தூணுக்கு வெளியே சுற்றி, வேலிக்கு அந்தப்பக்கம் போய் நின்றேன்.

“பூசாரி, தொட்டித் தண்ணி ஒரு வாளி கொண்டாங்க. இதுல ஊத்தி மந்திரம் சொல்லுங்க.”

“குழம்புக் கரண்டிலயா? எல்லாரும் பாக்கறாங்கக்கா.”

“பாக்கட்டும். இல்லன்னா தம்பி செத்த கதைய இங்கயே நின்னு சத்தமா சொல்லுவேன்.”

வாளி வந்தது. அவர் வேலிக்குள் நின்றபடி, முழு அங்கியோடு, நான் நீட்டிப் பிடித்த கரண்டியில் தண்ணீரை ஊற்றினார். பிசிறு விளிம்பிலிருந்து நூல் நூலாக இறங்கியது. அன்றைக்கு மட்டும் கொட்டாவி விடவில்லை. மூன்று முறை ஊற்றி முடிப்பதற்குள் சுற்றிலும் போன்கள் நீண்டுவிட்டன. “இது என்ன ஸ்பெஷல் சடங்காங்க? எங்களுக்கும் பண்ணுவாங்களா?” என்று ஒரு தொப்பிக்காரன் கேட்டான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? கரண்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

துறைமுகத்தில் ஹிராகாவின் கொட்டகை பூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் வலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“பதினோரு மணிக்கு வலி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. மாத்துத் துணி கொண்டாரச் சொல்லி எனக்குப் போன் வந்துது, இதோ கிளம்பறேன்,” என்றாள்.

“இதையும் குடுத்துடுங்க.”

துணியை விலக்கிப் பார்த்தாள். “இது அவரு ராத்திரியெல்லாம் உக்காந்து குத்தினதாச்சே. யாரு குடுத்தான்னு சொல்லட்டும்?”

“கோயில் ஜன்னல் பொம்பளன்னு சொல்லுங்க. தெரியும்.”

வீட்டுக்கு வந்து படுத்தவள்தான். இரண்டு நாள் வெளியே போகவில்லை. ஹிராகாவின் மனைவிக்கு என்ன ஆச்சு என்று கேட்கத் தைரியம் இல்லை. மூன்றாவது தடவையும் தங்காமல் போனால் அதை யார் தலையில் போடுவது? நான் தொட்டு உடைத்த நூற்றுப் பதினேழு அகப்பையும் நூற்றுப் பதினேழு வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வழியாகவும் காலையில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். அவர்களை எங்கே போய்த் தேடுவது, என்னவென்று சொல்வது? போனில் படம் எடுக்கிறவர்கள் என்று சிரித்தேனே, அவர்கள் யாரும் சாமியை ஏமாற்றவில்லை. தெரியாமல் செய்தார்கள். தெரிந்து செய்தவள் நான் ஒருத்திதான்.

பத்தொன்பதாம் தேதி வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வேலைக்குப் போகக்கூடாது, தூரத்திலிருந்து கும்பிடலாம் அல்லவா? வாசலில் குனிந்துவிட்டு, தூணைச் சுற்றிக் கற்பூர மரத்தடிக்குப் போனேன். மூன்று பஸ் ஜனமும் உள்ளே. பூசாரி கல்லின் முன்னால் வியர்த்து வழிந்தபடி அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அகப்பைக்கும் மூன்று அடி, நான்கு அடி. அதுவே சடங்கு என்று நினைத்துக்கொண்டு கூட்டம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடவே எண்ணியது. என் கை தானாக முஷ்டி பிடித்தது.

“ஏம்மா, நீங்க இந்த ஊரா?”

வேலிக்கு உள்ளேயிருந்து ஒரு ஒசாகாக்காரி கேட்டாள். முத்துமாலை, புதுக் கைப்பை. பக்கத்தில் அவள் மகள், எட்டு மாசம் இருக்கும்.

“ஆமா.”

“பாத்துட்டே இருந்தேன். தப்பா நினைக்காதீங்க, வாசல் வழியாத்தான் வரணும். இப்படிச் சுத்தி வந்தா சாமிக்கு மரியாதை இல்ல. போன்ல எல்லாம் விவரமா போட்டிருக்காங்க.” மகள் பக்கம் திரும்பி, “உள்ளூர்க்காரங்களே இந்த லட்சணத்துல இருக்காங்க பாரு,” என்றாள்.

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் தீட்டிய நாக்கு, ஒரு வார்த்தையில் அவளை முத்துமாலையோடு உரித்துத் தொங்கவிட்டிருப்பேன். மகள் வயிற்றில் கை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது? சொல்ல வேண்டியது ஒரு சாவு. திறந்த வாயை மூடினேன்.

“மன்னிச்சுக்கங்க. தெரியல,” என்று குனிந்தேன்.

நிமிர்ந்தபோது பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. ஹிராகா. அவனும் சுற்றித்தான் வந்திருந்தான். கையில் அலுமினியக் கரண்டி. தூக்கம் இல்லாமல் கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்க்காமல், வேலியில் நான் அவிழ்த்து எடுத்த அதே இடத்தில் அதைக் கட்ட ஆரம்பித்தான்.

“பொண்ணு. நேத்து காலைல. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க,” என்று முடிச்சிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

அப்பாடா என்று வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

“இந்தத் தடவ யாரும் எடுத்துட மாட்டாங்கல்லக்கா?”

“நான்தான் எடுத்தேன். குப்பைல போட்டேன்.”

“தெரியும்.”

இரண்டாவது முடிச்சும் போட்டான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் திரும்பி என்னை அன்றைக்கு முதல் தடவையாக நேராகப் பார்த்தான். வெள்ளைச் சட்டை இல்லாததைப் பார்த்தான். நான் நிற்கிற இடத்தைப் பார்த்தான். வேலியைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த இறுக்கம் மெல்லப் போனது. உள்ளே இருக்கிற பெண்களுக்குக் கேட்காதபடி, என் காதருகே குரலைத் தாழ்த்தினான்.

“யாருக்கா?”

“தம்பி. யாசுன்னு பேரு.”

அந்தப் பெயரை நான் வாயால் சொல்லிப் பதினொரு வருஷம். ஹிராகா இரண்டு கைகளையும் தொடையில் வைத்து, இடுப்பு வரை குனிந்தான். துக்க வீட்டு வாசலில் சொல்கிற வார்த்தைகளை, ஒன்றுகூட விடாமல், மெதுவாக, முழுசாகச் சொன்னான். என் தம்பி செத்ததற்கு என்னிடம் துக்கம் கேட்ட முதல் ஆள் அவன்தான். நான் ஜன்னலைச் சாத்தியபோது அவன் நின்ற அதே இடத்தில், வேலியைப் பிடித்துக்கொண்டு, யாசு செத்துப் பதினாலாம் நாள், அழுதேன்.

“அந்த அம்மா ஏன் அழறாங்க?” என்று உள்ளே மகள் கேட்டாள்.

“நான் சொன்னது உறைச்சிருக்கும்,” என்றாள் ஒசாகாக்காரி.